முந்தைய வசனம்

உயர்தரப் பரீட்சைக் காலத்தில், திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் தனியாக அமர்ந்து வேதாகமம் வாசித்த நான், பிலிப்பியர் 4:13-ஐச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்பதைப் பரீட்சை வெற்றிக்கான வாக்குத்தத்தமாகவே நம்பியிருந்தேன். பெறுபேறு வந்தபோது மனம் உடைந்தது.

பின்னர், உட்துறைமுக வீதியில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அதற்கு முந்தைய வசனத்தில் விரலை வைத்து, பட்டினியிலும் நிறைவிலும் வாழப் பழகிய அப்போஸ்தலன் பவுல் இதைச் சிறைக்காவலில் இருந்துகொண்டு எழுதினார் என்று காட்டினார். இரண்டு வருடம் வாசித்தும் அது என் கண்ணில் படவேயில்லை.

ஆயினும் தனிவாசிப்பை நான் கைவிடவில்லை. பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்ததாக அப்போஸ்தலர் 17:11 கூறுகிறது. அந்த ஆசிரியையும், அடுத்த கிழமை வரும்போது தாம் சொன்னதில் ஒரு கேள்வியாவது கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டார்.