பழைய ஆர்15: மாட்டியதைக் கழற்றவே ஐந்து மாதம்

நான் வாங்கியது 2012-ஆம் ஆண்டு மாடல் யமஹா ஆர்15 பைக், இரண்டாம் வெர்ஷன். விலை 48,000 ரூபாய். வாங்கிய பிறகு ஐந்து மாதங்களில் இன்னும் 31,000 ரூபாய்க்குச் சற்று மேல் செலவாகியிருக்கிறது. அதில் புதிதாகச் சேர்த்தவை என்று சொல்லத்தக்கவை இரண்டு டயர்களும் ஒரு செயின் ஸ்ப்ராக்கெட் செட்டும் முன் பிரேக்குக்கு ஒரு ஹோஸும்தான். மீதித் தொகையில் பெரும்பகுதி, எனக்கு முன்பு வண்டியை வைத்திருந்தவர்கள் ஆசைப்பட்டு மாட்டியவற்றைக் கழற்றி, கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவதற்கே போனது. மாடிஃபை செய்த வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க நினைப்பவர்கள், அந்த மலிவு எங்கே போய் ஈடாகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தாம்பரத்தில் வண்டியைப் பார்க்கப் போனபோதே இரண்டு தவறுகள் செய்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தார். அதை நான் பொருட்படுத்தவில்லை. குளிர்ந்த இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தமும் புகையும்தான் அதன் உடல்நிலையைச் சொல்லும். ஆகவே, "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் கை வைத்து, சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது தவறு, வண்டியில் மாட்டியிருந்த ரேசிங் சைலன்சரின் சத்தத்தை இன்ஜினின் பலம் என்று எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் இன்ஜினுக்குள் கேம் செயின் டென்ஷனர் தளர்ந்து அடிப்பதோ டாப்பெட் தட்டுவதோ எதுவும் காதில் விழாது.

பிறகு காகிதங்கள். விற்றவர் பெயரில் ஆர்.சி. இல்லை. அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கியிருக்கிறார். பெயர் மாற்றவே இல்லை. முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்களான 29, 30 இரண்டையும் நிரப்பாமல் அப்படியே என்னிடம் கொடுத்து, "இதை வச்சே மாத்திடலாம் ப்ரோ, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். வண்டியை வாங்குபவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது எனக்குத் தெரியும். கையில் படிவங்கள் இருக்கும்போது என்ன தடை வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தேன். முதல் முறை, கவுன்டரில் இருந்தவர் ஆர்.சி.யைத் திருப்பிப் பார்த்து, "ஹைப்போதிகேஷன் இருக்கே, படிவம் 35 எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். வண்டிக்கு வாங்கிய கடன் எப்போதோ அடைக்கப்பட்டிருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. அதை நீக்குவதற்கான படிவம்தான் 35. இரண்டாம் முறை, விற்றவர் தேடிக் கொடுத்த வங்கிக் கடிதத்துடன் போனேன். கடிதத்தில் குறிப்பிட்டிருந்த காலக்கெடு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதோடு, படிவத்தில் இருந்த கையெழுத்து பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு வங்கிக் கடிதம், உரிமையாளரின் கையெழுத்து எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு மூன்றாம் முறை போனபோது, வண்டியை வெளியே வந்து பார்த்தவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "ஆர்.சி.யில நீலம்னு இருக்கு, வண்டி கறுப்பா நிக்குது." மூன்று முறையும் அதே கவுன்டர், அதே கோப்பு. மூன்று குறைகளையும் முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாள் சம்பளமும் ஒரு மாதமும் மிஞ்சியிருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: முதல் முறை போகும்போதே, "வேற என்னெல்லாம் வேணும், வண்டியையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க சார்" என்று விடாமல் கேளுங்கள், பதில் வராவிட்டால் அடுத்த அதிகாரியிடம் கேளுங்கள்.

முதல் உரிமையாளரைக் கண்டுபிடிக்காமல் எதுவும் நகராது என்பது இரண்டாம் முறையே புரிந்துவிட்டது. கையெழுத்துக்கு மட்டும் அல்ல. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி.யும் பதிவு பெற்ற உரிமையாளரின் எண்ணுக்குத்தான் போகிறது. ஆர்.சி.யில் இருந்த முகவரி விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கிளம்பிப் போன அன்று அவர் வேலை நிமித்தம் ஓசூரில் இருந்தார். அவருடைய அம்மா நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்து, மகனின் புதிய எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வேலை முடியாமல் திரும்பினாலும், அந்த எண் கிடைத்ததே பெரிய விஷயம்.

இதற்கிடையில் சைலன்சரை மாற்றும் முயற்சியில் இறங்கியிருந்தேன். ரேசிங் சைலன்சரில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. சத்தத்துக்கும் புகைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் போட முடியும். கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, மாற்றிய ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டுமே. மாற்றியது முந்தைய உரிமையாளர் என்று சாலையில் நிறுத்துபவரிடம் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. ஒரிஜினல் சைலன்சரைத் தேடிச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்தேன். கிடைத்தவை இரண்டு. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தபோதே எடை குறைவாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் நடுவில் அறுத்து, உள்ளே இருந்த கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, மறுபடி வெல்டிங் வைத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் இப்படி நடக்கிறது. பழைய சைலன்சர் வாங்குபவர்கள் வெல்டிங் கோட்டை விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து, முதல் உரிமையாளர் ஊருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். மிகவும் நல்ல மனிதர். புதிய படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாளே வங்கியில் புதிய கடிதத்துக்கு விண்ணப்பிப்பதாகவும் ஒப்புக்கொண்டார். பேச்சுவாக்கில் சைலன்சர் தேடி அலைந்ததைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அதோட சைலன்சர் பரண்ல கிடக்கணுமே" என்று சொல்லி ஏணியை எடுத்து வந்தார். வாங்கிய ஆறாவது மாதமே சைலன்சரை மாற்றியவர் அவர்தானாம். கழற்றியதை வீசாமல் வைத்திருந்திருக்கிறார். அரிசிச் சாக்கில் சுற்றி, சணல் கயிறு கட்டி, பன்னிரண்டு ஆண்டு தூசியோடு அது கீழே இறங்கியது. சாக்குக்குள் பின் மட்கார்டும் சேலை கார்டும்கூட இருந்தன. பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்வதால் அதற்கும் தனியாக அலைய வேண்டியிருந்திருக்கும். அவர் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். அன்று மாலை பஸ்ஸில் அந்தச் சாக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

நீல நிறத்துக்குத் திரும்ப ஒரு வழி இருந்தது. கறுப்பு என்பது பெயிண்ட் அல்ல, வினைல் ஸ்டிக்கர் ராப்பிங். ஹேர் டிரையரால் சூடேற்றி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் கீழே யமஹாவின் நீலம் பளிச்சென்று வந்தது. ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எடுக்க இரண்டு இரவு ஆனது. ஆனால் பிரேமில் இருந்தது ஸ்ப்ரே பெயிண்ட். அதிலும் ஹேண்டில் பாருக்குக் கீழே சேஸிஸ் எண் பொறித்திருக்கும் இடத்தின் மேலேயே தடிமனாக அடித்து வைத்திருந்தார்கள். எண்ணின் அச்சை எடுக்கத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகளுக்குப் பதில் ஒரே சாம்பல் பூச்சுதான் வந்தது. பஞ்சைத் தின்னரில் நனைத்து, நகத்தால்கூடச் சுரண்டாமல், ஒவ்வொரு எழுத்தாக ஊறவைத்துத் துடைத்தேன். அந்த இடத்தில் உப்புத்தாளோ கம்பி பிரஷோ போடவே கூடாது. எண்ணில் கீறல் விழுந்தால் திருத்திய எண் என்ற சந்தேகம் வந்து, தீராத சிக்கலில் மாட்டிக்கொள்வோம்.

வயரிங்தான் எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது. ஹெட்லைட்டுக்கு எச்.ஐ.டி. என்ற அதிக வெளிச்ச பல்பு மாட்டுவதற்காக ஒரிஜினல் வயரை நடுவில் உரித்து, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். மழையில் நனைந்த ஒரு நாள் காலை இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி ஆஃப் ஆனது. பக்கத்தில் இருந்த மெக்கானிக், "இ.சி.யூ. போயிடுச்சு தம்பி, பன்னெண்டாயிரம் ஆகும்" என்றார். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைத்தான் அப்படிச் சொன்னார். நல்ல வேளையாக அன்று கையில் பணம் இல்லை. இந்த வண்டியில் கோளாறை விளக்கே எண்ணாகச் சொல்லிவிடும்: நீளமாக மின்னுவது பத்துகள், குறுக்கமாக மின்னுவது ஒன்றுகள். நான்கு நீளம், ஆறு குறுக்கம்; அதாவது 46, மின்சப்ளை சரியில்லை. பேட்டரியில் மல்ட்டிமீட்டரை வைத்தால் நின்ற நிலையில் 12.6 வோல்ட், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 14.2, பேட்டரியும் சார்ஜிங்கும் சரியாகவே இருந்தன. டேங்கைக் கழற்றி வயரைத் தொடர்ந்து போனபோது, டேப் சுற்றிய எர்த் இணைப்பு ஒன்று உள்ளே பச்சைப் பிடித்து, இழுத்தவுடன் கையோடு வந்தது. அதை வெட்டி, சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன்; எச்.ஐ.டி.யைக் கழற்றிச் சாதாரண ஹாலஜன் பல்பை மாட்டினேன். மொத்தச் செலவு 340 ரூபாய். விளக்கு அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மின்னவில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு நிமிடம் நீலப் புகை வந்து நின்றுவிடுவதைப் பார்த்த இன்னொரு மெக்கானிக், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி (போர் போட்டு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம் என்றார். ஆர்15 வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இதன் சிலிண்டர், டயாசில் என்று யமஹா பெயரிட்ட அலுமினியம்-சிலிக்கான் கலவையால் ஆனது. உள்ளே இரும்பு லைனர் கிடையாது. அந்தக் கலவையின் பரப்பிலேயேதான் பிஸ்டன் ஓடுகிறது. மற்ற வண்டிகளைப் போல லேத்தில் கொடுத்துக் குடைந்தால் அந்தப் பரப்பே போய்விடும். தேய்ந்தால் சிலிண்டரையும் பிஸ்டனையும் செட்டாக மாற்றுவதுதான் முறை. நின்ற வண்டியில் முதலில் வந்து உடனே நிற்கும் புகை பெரும்பாலும் வால்வு சீல் இறுகிப்போனதால் வருவது. முதலில் சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வற்புறுத்தினேன், நன்றாகவே இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வால்வு சீல்கள் மாற்றியதும் புகை நின்றது.

பின்சக்கரத்தில் 140/70 டயர் மாட்டியிருந்தார்கள். இந்த ரிம்முக்குரியது 130/70. வளைவில் சாய்க்கும்போது வண்டி தயங்கித் தயங்கிச் சாய்ந்ததற்குக் காரணம் அதுதான். தேய்மானம் குறைவாக இருந்ததால் விற்றவர் அதைப் பெருமையாகக் காட்டினார். பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கம் 2416, அதாவது 2016-இன் 24-ஆவது வாரம், ரப்பர் கல்லாகியிருந்தது. முன் டயரும் அதே கதைதான். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் துருநிறத்தில் இருந்தது. கழுவிக் கூலன்ட் ஊற்றினேன். கிளட்ச் வழுக்கியதற்குக் காரணம் காரில் ஊற்றும் ஆயில். பைக்குகளுக்கான ஜாசோ எம்.ஏ. தரக்குறி அச்சிட்ட ஆயிலுக்கு மாற்றி, முந்நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறையும் மாற்றியதும் கிளட்ச் பிளேட் வாங்காமலே சரியானது. பிக்கப்புக்காக ஒரு பல் குறைத்திருந்த முன் ஸ்ப்ராக்கெட்டும் செயினோடு சேர்ந்து போனது. நானாகச் செய்த ஒரே மாற்றம், முன் பிரேக்குக்கு ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டதுதான். பழைய ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது. இப்போது லீவரில் பிரேக் பிடிப்பது விரலுக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

நான்காம் முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எல்லாம் சேர்ந்தே ஐந்து நிமிடம்தான் ஆனது. ஆய்வாளர் நிறத்தைப் பார்த்தார், சேஸிஸ் எண்ணை ஒப்பிட்டார், இன்ஜினை ஓடவிடச் சொல்லி ஒரு கணம் கேட்டார், கையெழுத்துப் போட்டார். ஓ.டி.பி. கேட்டு விழுப்புரத்துக்காரருக்குப் போன் செய்தபோது அவர் முதல் ரிங்கிலேயே எடுத்தார். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் ஒரே நாளில் முடிந்தன.

ஆர்.சி. அட்டை போன வாரம் தபாலில் வந்தது. வண்டியின் படத்தை முதல் உரிமையாளருக்கு அனுப்பினேன். அந்தச் சைலன்சரை மாட்டிய நிலையில் எடுத்ததை இன்னொன்று அனுப்பச் சொன்னார். அதை எடுப்பதற்காகக் குனிந்தபோதுதான், இடது முன் ஃபோர்க்கில் ஆயில் சீலுக்குக் கீழே மெல்லிய ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. சீலும் ஃபோர்க் ஆயிலும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை கழற்ற வேண்டும்.