கிட்டிப்புள்ளுக்கு உங்கள் ஊரில் என்ன பேர்?

பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டதும், வகுப்பறை நினைவுகளைத்தான் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கம்கூட ஓடவில்லை. கண்ணை மூடினால் பள்ளிக்குப் பின்னால் இருந்த பொட்டலும், கடைசி மணி அடித்ததும் அங்கே கிளம்பும் செம்மண் புழுதியும்தான் வருகின்றன. சரி, அதையே எழுதிவிடுகிறேன்.

1974-இல் ஆறாம் வகுப்புக்காகக் காரைக்குடிக்கு வந்தேன். அதுவரை பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவே எனக்கு உலகம். முதல் நாள் பக்கத்தில் இருந்தவனிடம், "சாயங்காலம் கிட்டி அடிக்க வர்றியா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். மறுநாள் குச்சியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அட, இது கில்லிடா!" என்றான். பின்பெஞ்சில் இருந்த மதுரைப் பையன் எழுந்து, "ரெண்டு பேரு சொல்றதும் தப்பு. இதுக்குப் பேரு சில்லாங்குச்சி" என்றான். வாத்தியார் வரும்வரை சண்டை ஓயவில்லை.

கில்லி என்றவன் சென்னைக்காரன். அப்பாவுக்குச் சிக்ரியில் வேலை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது, 1953-இல் திறந்தார்கள். அதற்குப் பின் எங்கெங்கோ இருந்து குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் தங்கள் ஊர் விளையாட்டையும் அதன் பேரையும் கூடவே கொண்டுவந்தார்கள். எங்கள் பொட்டலில் ஒரே ஆட்டத்துக்கு மூன்று பேர் இருந்தது அப்படித்தான்.

அடிக்கிற நீளக் குச்சி கிட்டி, ஒன்றரை முழம். அடிபடுகிற சின்னக் குச்சி புள், ஒரு சாண். புளிய மிளாறுதான் எனக்குப் பிடிக்கும். கருவேலங்குச்சி கனம், அடித்தால் உள்ளங்கை அதிரும். புள்ளின் இரண்டு முனையையும் சீவுவதில்தான் சூட்சுமம். சரிவு குறைந்தால் தட்டும்போது எழும்பாது, கூடிப்போனால் இரண்டு அடியில் முனை பிய்ந்துவிடும். அப்பத்தாவின் அரிவாள்மணையில்தான் சீவுவேன். "காய் நறுக்குற மணையில கட்டையச் சீவுறியே, விளங்குமாடா?" என்று அப்பத்தா வைவார். அடுத்த நாள் மணை அதே இடத்தில்தான் இருக்கும், எனக்கு எட்டும்படி.

தரையில் நீளவாக்கில் குழி பறித்து, அதன் குறுக்கே புள்ளை வைத்துக் கிட்டியால் கெந்தி மேலே தூக்கிவிட வேண்டும். எதிராளி பிடித்துவிட்டால் போச்சு. பிடிக்கவில்லை என்றால், குழியின் மேல் கிடத்திய கிட்டியைப் பார்த்து அவன் புள்ளை எறிவான். அதுவும் படாவிட்டால் நம் ராஜ்ஜியம்தான். முனையில் ஒரு தட்டு, எழும்பியதும் ஓங்கி ஒரு அடி. விழுந்த தூரத்தைக் கிட்டியாலேயே அளப்போம். தோற்றவன் புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரை மூச்சு விடாமல் கூவிக்கொண்டே ஓடிவர வேண்டும். என் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு அந்தப் பொட்டல் கொடுத்தது. இன்றும் முகம் மழிக்கும்போது அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆட்டத்தைவிட உத்தி பிரிப்பது இன்னும் சுகம். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். சமபலம் உள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ரகசியமாகப் பேர் வைத்துக்கொண்டு வருவார்கள். "வானம் வேணுமா, பூமி வேணுமா?" எந்தப் பேர் யாருடையது என்று தலைவனுக்குத் தெரியாது. அதனால் யாரும் கழித்துக்கட்டப்பட்டவன் இல்லை, கடைசியாக மிஞ்சியவனும் இல்லை. பேரன்மார் பள்ளியில் ஒவ்வொருவராகக் கைகாட்டி அணி எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஆட வயசு பத்தாத என் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் ஓடலாம், கத்தலாம், அவுட்டே கிடையாது.

கண்ணாமூச்சிக்குச் செட்டிநாட்டு வீடு மாதிரி ஒரு இடம் உலகத்தில் இல்லை. கூட்டாளி வீட்டில் முகப்பில் நுழைந்து, வளவு என்கிற நடுமுற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஓடிப் பின்வாசலில் இறங்கினால் அது வேறு தெரு. தேடுகிறவன் முன்வாசலிலேயே நிற்பான். கூட்டாளி வீட்டு ஆச்சி தூணோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருப்பார். ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

பொங்கல் வந்தால் தோளில் துண்டு கட்டிய பையன்தான் காளை. மதுரைப் பையன் அதை ஜல்லிக்கட்டு என்பான். பக்கத்துச் சிராவயல் ஊரில் மாடு விரட்டுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது மஞ்சுவிரட்டுதான், மாற்றிச் சொல்ல நாக்கு வராது. அக்காமார் திண்ணையில் ஆடிய சொட்டாங்கல்லைச் சென்னைக்காரன் வீட்டில் அஞ்சாங்கல் என்றார்கள். பழைய பாட்டுகளில் வரும் கழங்கு என்கிற ஆட்டமும் இதே இனம்தான் என்று தமிழ் ஐயா சொன்ன அன்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்தேன். வேலை செய்த இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. சொட்டாங்கல்லைக் கொக்கான் என்றான், கோலியைப் போளை என்றான். எல்லாமே வேறாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, மேசை மேல் இருந்த இரண்டு பேனாக்களைக் கிட்டியும் புள்ளுமாக வைத்துக் காட்டினேன். "ஓம் அண்ணை, கிட்டிப்புள்! நாங்களும் அடிச்சனாங்கள்" என்றான். சென்னைக்காரனும் மதுரைக்காரனும் ஒத்துக்கொள்ளாத பேரைக் கடலுக்கு அந்தப்பக்கத்துப் பிள்ளை சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று மதியம் இரண்டு பேரும் சாப்பிடாமலே பேசிக்கொண்டிருந்தோம்.

நம் செட்டில் ஆடியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தோற்றவன் மூச்சுப் பிடித்து ஓடிவரும்போது நாம் கூவிய அந்தச் சொல் என்ன? நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. தம்பிக்கும் நினைவில்லை. யாருக்காவது தெரிந்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.