‘நின்றால்’ என்றால் எப்போது? நோமிக் தேர்தலில் நிபந்தனை வாக்கு

விதியை மாற்றுவதே ஆட்டமாக இருக்கும் நோமிக்கை பீட்டர் சூபர் 1982-இல் உருவாக்கினார். 1993 முதல் நடந்துவரும் அகோரா நோமிக்கில் பதவித் தேர்தலும் உண்டு, ‘இப்படி இருந்தால் இவருக்கு’ என்கிற நிபந்தனை வாக்கும் உண்டு. நிபந்தனையை வாக்குப்பதிவு முடியும் நேரத்து நிலவரப்படிதான் பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. உங்கள் விதிப்புத்தகத்திலும் இதைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

க, ச, ம என்று மூன்று வேட்பாளர்கள்; வாக்களித்தவர் பெயரெழுதிய 11 சீட்டுகள். நேரடியாக க-வுக்கு 4, ச-வுக்கு 3, ம-வுக்கு 1 (அடுத்த விருப்பம் ச). ஒரு சீட்டில், ‘ம கணக்கைப் பலகையில் ஒட்டியிருந்தால் ம, பிறகு ச, இல்லாவிட்டால் க’. மீதி இரண்டு பேர் ‘அவர் போட்டதே எனக்கும்’ என்று ஒருவரையொருவர் காட்டியிருக்கிறார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதற்கு விடை கிடையாது. இரண்டையும் ‘வருகை மட்டும்’ என்று எழுதி, கோரத்துக்கு (குறைந்தபட்ச வருகைக்கு) மட்டும் சேர்த்து, எண்ணிக்கையில் விட்டுவிடுங்கள். எண்ணுவது 9, பெரும்பான்மை 5.

ம கடைசி நாளில்தான் கணக்கை ஒட்டினார் என்று வையுங்கள். முடிவு நேரப்படி க 4, ச 3, ம 2. யாருக்கும் 5 இல்லாததால் கடைசியில் இருக்கும் ம நீக்கப்பட, அவருடைய இரண்டும் அடுத்த விருப்பமான ச-வுக்குப் போய் ச 5 பெற்று ஜெயிக்கிறார். சீட்டுப் போட்ட நேரப்படி பார்த்தால் அந்த ஒரு வாக்கு க-வுக்கு; முதல் சுற்றிலேயே க 5!

அதனால் நேரடி வாக்குகளை முதலில் எழுதுங்கள். அடுத்து, வெளி விஷயத்தை நம்பிய நிபந்தனைகள். ஒருவரைப் பின்பற்றும் வாக்குகள் அதற்கும் பிறகு. எல்லாம் தீர்ந்த பின்பே சுற்றுகளைத் தொடங்குங்கள். நடுச்சுற்றில் நிபந்தனையைத் திறக்கவே கூடாது. ‘ச தோற்றால் ச-வுக்கு’ போன்றவை முடிவையே நம்பி நிற்பதால் அவையும் வருகை மட்டும்தான்.

‘ச நின்றால்’ என்று எழுத விடாதீர்கள். நம் ‘-ஆல்’ காலம் காட்டாது; மனுப் போட்டாலே போதுமா, கடைசிவரை விலகாமல் இருக்க வேண்டுமா? ‘ஞாயிறு மாலை 6 மணிக்குப் பட்டியலில் ச பெயர் இருந்தால்’ என்றால் வழக்கே வராது. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆடுபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: ‘ச மதி’. மலையாள ‘மதி’ என்றால் போதும். ச மட்டும் போதுமா, ச முதலில் வந்தால் போதுமா? கெடு முடியும் முன்பே கேட்டு 1, 2, 3 என்று எண் போட வையுங்கள். முடிந்த பிறகு எழுதியவரே வந்து விளக்கினாலும் ஏற்காதீர்கள். அதற்குள் மற்ற சீட்டுகள் அவருக்குத் தெரிந்திருக்கும்.