பணக் கணக்குக்கு முன்னால் தலைக் கணக்கு: ஒரு விலங்குக் காப்பகத்தை மதிப்பிடும் வேலை

ஒரு விலங்குக் காப்பகத்துக்கு நன்கொடை தரலாமா என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கையோடு கொண்டுவருவது ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தைத்தான். நூற்றில் எவ்வளவு நிர்வாகத்துக்குப் போகிறது என்ற வட்டப்படம் அதில் இருக்கும். நாங்கள் அதைக் கடைசியில்தான் பார்க்கிறோம். முதலில் கேட்பது தலைக் கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை உயிர்கள் இருந்தன, எத்தனை வந்தன, எத்தனை எந்த வழியாக வெளியே போயின, முடிவில் எத்தனை மிச்சம். இது ஒட்டவில்லை என்றால், பணக் கணக்கு காசு பிசகாமல் ஒட்டினாலும் பயனில்லை. அந்தப் பணம் என்ன வேலையைச் செய்தது என்றே சொல்ல முடியாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். தொடக்க இருப்பு 140. ஆண்டு முழுக்க வந்தவை 960. ஆக 1,100. தத்துப் போனவை 520, உரிமையாளரிடமே திரும்பியவை 90, வேறு அமைப்புக்கு அனுப்பியவை 150, கருணைக்கொலை 110, காப்பகத்திலேயே இறந்தவை 70. வெளியே போனவை 940 என்றால் உள்ளே 160 இருக்க வேண்டும். நேரில் போய் எண்ணுகிறோம். ஆண்டு முடிவுக்குப் பிறகு வந்ததையும் போனதையும் சரிக்கட்டிய பிறகும் 131தான் தேறுகிறது. 29 உயிர்கள் எங்கே?

இப்படி விடுபடுவதற்கு வழக்கமான காரணங்கள் நான்கைந்துதான். தற்காலிகப் பராமரிப்பு வீடுகளுக்குப் போனவை பதிவேட்டில் ஏறாமல் இருக்கும். இரவில் செத்ததைக் காலையில் அப்புறப்படுத்திவிட்டு எழுத மறந்திருப்பார்கள். தப்பி ஓடியவற்றுக்குத் தனிப் பத்தியே இருக்காது. தத்து ரத்தாகித் திரும்பி வந்ததைப் புது வரவாக எழுதி, மறுபடி தத்துக் கொடுத்ததை இன்னொரு தத்தாக எண்ணியிருப்பார்கள். இதில் மொத்தம் ஒட்டும், ஆனால் ஒரே நாய் இரண்டு வெற்றியாகக் கணக்கில் நிற்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. காப்பகத்தில் பிறந்த குட்டிகளை வரவில் சேர்க்காததால் தலைகள் கூடுதலாக நிற்கும். காரணத்தைக் கேட்டதும் பராமரிப்பு வீடுகளின் பட்டியலை எடுத்து நீட்டும் காப்பகத்தை நாங்கள் நம்புகிறோம். "தோராயமாகத்தான் எழுதுவோம்" என்று பதில் வந்தால் மேற்கொண்டு பார்க்கும் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்க்கிறோம்.

அடுத்து லைவ் ரிலீஸ் ரேட், அதாவது வெளியே போனவற்றில் உயிரோடு போனவை நூற்றுக்கு எத்தனை என்பது. சுவரொட்டியில் இருக்கும் எண் இதுதான். 90 சதவீதத்தைத் தாண்டினால் 'கொல்லாத காப்பகம்' என்ற பெயர் கிடைப்பதால், இதைக் கூட்டிக் காட்டும் ஆசையும் அதிகம். மேலே சொன்ன உதாரணத்தில் உயிரோடு போனவை 520, 90, 150 சேர்த்து 760. மொத்தம் 940-ஆல் வகுத்தால் 81 சதவீதம். காப்பகத்திலேயே இறந்த 70-ஐக் கீழ் எண்ணிலிருந்து எடுத்துவிட்டால் 87. கருணைக்கொலையில் 30 'உரிமையாளரே கேட்டுக்கொண்டது' என்று அதையும் எடுத்தால் 760-ஐ 840-ஆல் வகுக்கிறோம், 90.5 வந்துவிடுகிறது. ஒரு உயிர்கூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. இதைத் தில்லுமுல்லு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. 2004-இல் அமெரிக்க விலங்கு நல அமைப்புகள் கூடி வகுத்த அசிலோமார் உடன்பாட்டின் சூத்திரமே உள்ளே இறந்தவற்றை விட்டுவிடுகிறது. குணப்படுத்த முடியாத விலங்குக்கு உரிமையாளர் கேட்டுச் செய்யும் கருணைக்கொலையையும் விட்டுவிடுகிறது. அதனால் சதவீதத்தை வாங்காதீர்கள், எண்களை வாங்கி நீங்களே வகுத்துப் பாருங்கள். எந்தச் சூத்திரத்தைப் பிடித்தாலும் எல்லாக் காப்பகத்துக்கும் எல்லா ஆண்டுக்கும் அதையே பிடிக்க வேண்டும்.

'அனுப்பியவை 150' என்ற வரியையும் சும்மா விடக் கூடாது. வாங்கிக்கொண்ட அமைப்பு எது, அங்கே அவை என்ன ஆயின என்று கேட்க வேண்டும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே பூனை ஒரு வெற்றியாகப் பதிவாகிக்கொண்டே போகும்.

உள்ளே இறந்த 70 பற்றி எங்களுக்கு மிகவும் உதவும் ஒரு கேள்வி: வந்த எத்தனையாவது நாளில் இறந்தது? நாய்க்குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயைத் தரும் பார்வோ வைரஸ் உடம்பில் ஏறி நோயாக வெளிப்பட பெரும்பாலும் ஒரு வாரம், அதிகபட்சம் இரண்டு வாரம் ஆகும். வந்த மூன்றாம் நாளில் நோய் கண்ட குட்டி வெளியிலிருந்தே கொண்டு வந்திருக்கலாம். இருபத்தைந்தாம் நாளில் நோய் கண்டது என்றால் உள்ளேதான் தொற்றியிருக்கிறது. இறப்புப் பட்டியலை இப்படிப் பிரித்தாலே தனிமைப்படுத்தும் அறை வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். கட்டடத்துக்கு நிதி கேட்கும் காப்பகத்திடம் கட்டாயம் கேட்க வேண்டிய பட்டியல் இது.

இனி இருப்பு நாட்கள். தொடக்கமும் முடிவும் 140, 160 என்றால் சராசரி இருப்பு 150. அதை 365-ஆல் பெருக்கினால் 54,750 பராமரிப்பு நாட்கள். அதை 960 வரவால் வகுத்தால் ஒரு விலங்கு சராசரியாக 57 நாள் தங்குகிறது. அறிக்கையில் "எங்கள் சராசரி 20 நாள்" என்று இருந்தால் அந்த வரவுக்கு உள்ளே சுமார் 53 உயிர்கள்தான் இருக்க வேண்டும். இந்த முரண்பாடு அடிக்கடி வருவது. தத்துப் போனவற்றை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பார்கள். இரண்டு வருடமாகக் கூண்டிலேயே கிடக்கும் வயதான நாய்கள் வெளியே போகாததால் அந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை. 90 நாளுக்கு மேல், 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவை எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கொல்வதில்லை என்று சொல்லிக்கொண்டு கூண்டுகளை நிரப்பிவைத்திருக்கும் இடம் இந்தப் பட்டியலில்தான் அகப்படும்.

பராமரிப்பு நாட்கள் கையில் வந்த பிறகுதான் பணக் கணக்கோடு மோதிப் பார்க்க முடியும். முதலில் ஆட்கள். உணவு வைக்கவும் சுத்தம் செய்யவும் மட்டும் ஒரு விலங்குக்கு நாளைக்குக் குறைந்தது 15 நிமிடம் என்பது காப்பகத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் அளவு. 150 விலங்குக்கு 37.5 மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்றால் தினமும் ஐந்து பேர் வேண்டும். வார விடுமுறையைச் சேர்த்தால் சம்பளப் பட்டியலில் ஆறு பேராவது இருக்க வேண்டும். அதில் இரண்டு பெயர்தான் இருக்கிறது என்றால் தன்னார்வலர்களின் வருகைப் பதிவைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் கூண்டுகள் கழுவப்படும் விதம் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

தீவனத்தையும் இதே போலப் பாருங்கள். எல்லாம் நாய்கள், உலர் தீவனம் நாளைக்கு 250 கிராம் என்று வைத்துக்கொண்டால் 54,750 நாளுக்குச் சுமார் 13.7 டன். கொள்முதல் பில்களில் 5 டன்தான் வருகிறது என்றால் மீதி நன்கொடையாக வந்ததற்கோ சமைத்துப் போட்டதற்கோ பதிவு இருக்க வேண்டும். தடுப்பூசிக்கு இதைவிடக் கறாரான கணக்கு உண்டு. அமெரிக்காவின் காப்பகக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2010-இல் வெளியிட்டு 2022-இல் திருத்திய பராமரிப்பு வழிகாட்டி, முக்கியத் தடுப்பூசிகளை உள்ளே நுழையும்போதே, முடிந்தால் அதற்கும் முன்னாலேயே போடச் சொல்கிறது. குட்டிகளுக்கு இரண்டு வார இடைவெளியில் 20 வார வயது வரை தொடர வேண்டும். ஆகவே வாங்கிய டோஸ் வரவைவிடக் கூடுதலாகவே இருக்கும். 960 வரவுக்கு 400 டோஸ் என்றால், அந்த இறப்புப் பட்டியலுக்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

இப்போது நிதி அறிக்கை. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஐந்து வருடத்தை அடுத்தடுத்து வையுங்கள். யாரோ உயில் எழுதிவைத்த பெரிய தொகை ஒரு வருடம் வரும்; அந்த வருடத்தில் எல்லா விகிதமும் கோணிக்கொள்ளும். தணிக்கையாளரின் அறிக்கையில் நிபந்தனை வைத்து எழுதிய பத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேராகக் குறிப்புகளுக்குப் போகிறோம். தொடர்புடைய நபர்களுடனான பரிவர்த்தனை அங்கேதான் இருக்கும். காப்பகம் இருக்கும் நிலம் அறங்காவலருடையதா, வாடகை எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடம்? மருத்துவ பில் வரும் கிளினிக் யாருடையது? நிறுவனர் கொடுத்த கடன் வட்டியோடு நிற்கிறதா? இவை இருப்பதே குற்றமில்லை. எத்தனையோ நல்ல காப்பகங்கள் நிறுவனரின் சொந்த நிலத்தில்தான் பிழைத்திருக்கின்றன. மறைத்தால்தான் குற்றம். நிதி திரட்டும் பதிவுகளில் தனிநபர் வங்கிக் கணக்கு எண் இருந்தால், அந்தத் தொகை அமைப்பின் கணக்குக்கு வந்து சேர்ந்ததற்கு ஸ்டேட்மென்ட் கேளுங்கள்.

ரொக்க அடிப்படையில், அதாவது பணம் கைமாறும்போது மட்டும், கணக்கு எழுதும் சிறிய காப்பகங்களில் இன்னொரு பள்ளம் உண்டு. மருத்துவருக்குக் கொடுக்காத பாக்கி அந்தக் கணக்கில் தெரியாது. உபரியாகத் தெரியும் அமைப்பு ஆறு மாத மருத்துவ பில்லைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும். பாக்கிப் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கையிருப்பை மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். கட்டடத்துக்கென்று வந்த பணத்தையும் நிலத்தின் மதிப்பையும் கழித்துவிட்டு, தாராளமாக எடுத்துச் செலவழிக்கக்கூடியதை மாதச் செலவால் வகுங்கள். ஒரு மாதத்துக்கும் கீழே என்றால் ஒரு தொற்று வந்தால் காப்பகம் படுத்துவிடும். மேல் வரம்பு என்று பார்த்தால், ஒரு வருடச் செலவைப் போல மூன்று மடங்குக்கு மேல் சேர்த்துவைக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் தொண்டு அமைப்புகளை மதிப்பிடும் பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் வைத்திருக்கும் அளவு. செலவில் 65 சதவீதமாவது திட்டப் பணிகளுக்குப் போக வேண்டும் என்பதும் அதன் அளவுகோல்தான். அதே அமைப்பு 2013-இல், தொண்டு அமைப்புகள் பற்றித் தகவல் தரும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் இரண்டோடும் சேர்ந்து, நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து அமைப்புகளைத் தரம் பிரிக்காதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதியது.

அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு, ஏனென்றால் இந்த விகிதம் வளைந்துகொடுக்கும். நன்கொடை கேட்கும் கடிதத்தில் 'உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள்' என்று ஒரு பத்தி சேர்த்து, அச்சுச் செலவில் பாதியை விழிப்புணர்வுப் பணியில் எழுதலாம். இலவசமாக வந்த மருந்துக்குச் சில்லறை விலை போட்டு வரவிலும் திட்டச் செலவிலும் ஏற்றினால் விகிதம் மினுங்கும். நாங்கள் பொருளாக வந்த நன்கொடையை இரு பக்கமும் எடுத்துவிட்டு விகிதத்தை மறுபடி கணக்கிடுகிறோம். பதிவேடு எழுதவும் தத்துக்குப் பின் விசாரிக்கவும் ஒரு ஆளை வைத்திருக்கும் காப்பகத்தில் நிர்வாகச் செலவு கூடுதலாகத்தான் தெரியும். அந்த ஆள் இல்லாவிட்டால் மேலே பார்த்த எந்த எண்ணும் கிடைத்திருக்காது.

மொத்தச் செலவைத் தத்து எண்ணிக்கையால் வகுத்துக் காப்பகங்களை வரிசைப்படுத்துவதை நாங்கள் விட்டுவிட்டோம். நல்ல இனக் குட்டிகளாகப் பொறுக்கி எடுப்பவர் அதில் முதலில் வருவார். அடிபட்டதையும் கிழடையும் வாங்குபவர் கடைசிக்குப் போவார். நேரடிப் பராமரிப்புச் செலவைப் பராமரிப்பு நாட்களால் வகுத்து, உள்ளே வரும்போதே நோயோ காயமோ இருந்தவை எத்தனை என்ற எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடிகிறது. தத்துப் போய் 30 நாளுக்குள் திரும்பியவை எத்தனை என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம்.

நேரில் போகும் நாளில் பதிவேட்டிலிருந்து இருபது பெயரைக் குறித்துக்கொண்டு கூண்டுகளில் தேடுங்கள். அதன் பிறகு கூண்டுகளிலிருந்து இருபது விலங்கை எடுத்துக்கொண்டு பதிவேட்டில் தேடுங்கள். முதல் தேடலில் இல்லாத விலங்கு அகப்படும், இரண்டாவதில் எழுதாத விலங்கு அகப்படும். கூண்டு அட்டையில் வந்த தேதி, தடுப்பூசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், எடை மூன்றும் இருக்க வேண்டும். வந்த அன்று 11 கிலோ இருந்த நாய் ஆறு வாரம் கழித்து 9 கிலோ என்றால் தீவன பில்லைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரே தேதியில், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் மூன்று மாத எடைகளும் எழுதியிருந்தால் அந்த அட்டை உங்கள் வருகைக்காக நிரப்பப்பட்டது.

குறிப்புகளை முதலில் காப்பகத்துக்கே அனுப்பிப் பதில் வாங்குகிறோம்; விடுபட்ட 29-இல் பாதிக்காவது அப்போது கணக்கு வந்துவிடும். மீதிக்குப் பதில் இல்லை, ஆனால் ஆட்கள் நேர்மையானவர்கள் என்று தெரிந்தால், முழுத் தொகையையும் மொத்தமாகத் தரச் சொல்வதில்லை. முதல் தவணையைப் பதிவேடு எழுதும் ஆளின் சம்பளத்துக்கு ஒதுக்கச் சொல்கிறோம். இரண்டாவது தவணை, தொடக்க இருப்பு, வரவு, உயிரோடு போனவை, கருணைக்கொலை, இறப்பு, காணாமல் போனவை, முடிவு இருப்பு என்ற ஏழு பத்திகளில் ஆறு மாதக் கணக்கு ஒட்டி வந்த பிறகு.