அம்மாவுக்கு தீட்சை, சுங்கை சிப்புட்டுல

போன மாசம் ஒரு சனிக்கிழமை கே.எல் சென்ட்ரல்ல இருந்து ஈடிஎஸ் ரயில் ஏறி ஊருக்குப் போனேன், அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை காலையில சமய தீட்சை. ஈப்போ தாண்டினதும் சுண்ணாம்பு மலைங்க கிட்ட வரும், அப்புறம் செம்பனைக் காடு, அதுக்கப்புறம் எங்க சுங்கை சிப்புட். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இதெல்லாம் பால்மரம், ரப்பர் தோட்டம். அம்மா அதுலதான் முப்பது வருசத்துக்கு மேல பால் வெட்டினாங்க, இப்ப தோட்டத்து லயத்து வீடும் இல்ல, தாமான்ல, அதான் குடியிருப்புல, ஒரு சின்ன வீட்ல தனியா இருக்காங்க, வயசு 68.

விசயம் கேள்விப்பட்டதும் மாமா போன் போட்டு சத்தம். "என்ன அக்கா, சன்னியாசம் வாங்கிட்டு எங்கயாச்சும் போயிடப் போறியா?" அவருக்கு தீட்சைன்னா காவி வேட்டிதான். சிவானந்தர் 1913-ல மலாயாவுக்கு டாக்டரா வந்து நெகிரி செம்பிலான் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியில வேலை பார்த்தாரு, 1923-ல எல்லாத்தையும் விட்டுட்டு இந்தியா திரும்பி அடுத்த வருசமே ரிஷிகேஷ்ல ஒரு குருகிட்ட வாங்கினாரே, அது சன்னியாச தீட்சை. இது வேற மாமா, இது வீட்ல இருந்துக்கிட்டே அஞ்செழுத்து சொல்றதுக்கு முறையா குருகிட்ட அனுமதி வாங்குறதுன்னு சொன்னேன். சைவத்துல சமயம், விசேடம், நிர்வாணம்னு மூணு படி இருக்கு, அம்மா ஏறுறது முதல் படி. "அப்ப பேரப்பிள்ளைங்க கல்யாணத்துக்கு வருவா இல்ல?" அவ்ளோதான் அவரு கவலை.

எனக்குத்தான் உள்ளுக்குள்ள உறுத்தல். கூட்டம் கூட்டமா உக்கார வச்சு தீட்சை குடுக்குறது, அதுக்கு பேர் பதியுறது, விபூதிப் பை, ருத்திராட்சம் விக்கிற மேசை, இதெல்லாம் பார்த்தா எனக்கு கொஞ்சம் சலிப்பு வந்துடும். சொன்ன நேரம் காலையில ஆறு மணி, ஆரம்பிச்சது ஏழே முக்கால், ஏற்பாட்டாளருங்க மைக் டெஸ்டிங்லயே ஒன்றரை மணி நேரத்தை ஓட்டிட்டாங்க. தண்ணி கூட குடிக்காம வந்த வயசானவங்களை அந்த டேவான்ல, அதான் மண்டபத்துல, காத்தாடி கூட சரியா ஓடாம உக்கார வச்சது தப்புதான், எனக்கு கோபம். அம்மாவுக்கு கோபம் இல்ல. வெள்ளை சேலையில, நெத்தி கை மார்புன்னு பதினாறு இடத்துல திருநீறு பூசிக்கிட்டு, அப்பதான் குளிச்ச ஈரத் தலையோட ஆடாம அசையாம உக்காந்திருந்தாங்க.

குரு தமிழ்நாட்ல இருந்து வந்தவர், வயசானவர், குரல் மெதுவா. முதல்ல கொஞ்சம் பேசினார். குரு எப்படியெல்லாம் தீட்சை குடுப்பார்ங்கறதுக்கு பழைய உவமை ஒண்ணு சொன்னார், மீன் பார்த்தே குஞ்சு பொரிக்குமாம், ஆமை கரையில முட்டையைப் புதைச்சுட்டு கடல்ல இருந்து நினைச்சே பொரிக்குமாம், பறவை தொட்டு அணைச்சு பொரிக்குமாம், நயனம், மானசம், பரிசம்னு அதுக்குப் பேரு. கோழியை அடை வச்ச அம்மா மூணாவதுக்கு மட்டும் தலையாட்டினாங்க, மீன் ஆமை சமாச்சாரத்துக்கு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க.

அப்புறம் நிர்பீசம், சபீசம்னு ரெண்டு வகை. விதிச்ச அனுட்டானத்தை, அதாவது தினப்படி பூசை செபத்தை, நாள் தவறாம செய்ய முடியாத குழந்தைங்க, வயசானவங்க, பெண்கள், நோயாளிங்க, இவங்களுக்கு அந்தக் கடமை எல்லாம் கழிச்சு குடுக்குறது நிர்பீசம். முடிஞ்சவங்களுக்கு கடமையோட சேர்த்து குடுக்குறது சபீசம். அம்மா என் காதுக்குள்ள "கிழவி, பொம்பளை, ரெண்டு லிஸ்ட்லயும் என் பேரு இருக்கா?"ன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. "எனக்கு சலுகை வேணாம், தெனம் நானூறு மரம் வெட்டினவ நான், இதை செய்ய முடியாதா, போய் சொல்லு." பெரியவங்க எழுதி வச்ச பட்டியல்தான், ஆனா அதுல பொம்பளைங்களை நோயாளிங்களோட சேர்த்து வச்சது எனக்கும் பிடிக்கலதான். நான் போய் சொன்னேன், குரு அம்மாவை ஒரு தடவை பார்த்துட்டு "ஒரு நாளைக்கு ரெண்டு வேளை தவறக்கூடாது"ன்னார், அம்மா "ஆகட்டுங்க சாமி".

குரு சொன்னதுல என் மனசுல நின்னது பழைய சைவ குரு உமாபதி சிவம் கதை. அவரு மடத்துக்கு விறகு கொண்டு வந்து போட்டவர் பெத்தான் சாம்பான், அந்தக் காலத்துல தாழ்ந்த சாதின்னு ஒதுக்கி வச்ச ஆளு. சாம்பான் கையில உமாபதி சிவத்துக்கு ஒரு சீட்டு வந்து சேருது, எழுதினது சிதம்பரத்து நடராஜரே, "பேதமறத் தீக்கை செய்து முத்தி கொடுக்க முறை"ன்னு அதுல இருக்கு. உமாபதி சிவம் தீட்சை குடுத்த உடனே சாம்பான் சோதியில கலந்துட்டார். பொண்டாட்டி போய் ராஜாகிட்ட புகார் பண்ணிட்டா, என் புருசனை எரிச்சுட்டாங்கன்னு. ராஜா வந்து கேக்க, தகுதி உள்ளவன் யாரும் இல்லைன்னு பக்கத்துல நின்ன முள்ளிச் செடிக்கு தீட்சை குடுத்தாராம், அதுவும் கலந்துடுச்சாம். டேவான்ல ஒரே அமைதி. அங்க உக்காந்திருந்ததுல பாதிப் பேரு மரம் வெட்டினவங்க, ஒட்டுப்பால் பொறுக்கினவங்க, அவங்க அப்பா தாத்தா கங்காணிகிட்ட கை கட்டி நின்னவங்க. விறகு சுமந்தவன் கதை யாருக்கும் விளக்க வேண்டி இருக்கல.

அப்புறம் கண்ணைக் கட்டினாங்க. வெள்ளைத் துணி, அதுக்கு மேல அம்மா கண்ணாடி போட முடியல, என்கிட்ட குடுத்தாங்க. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் கையில பூ வைக்கிறாங்க, கண்ணு தெரியாமலே சிவலிங்கம் பக்கம் போடணும், பூ எங்க விழுதோ அதை வச்சு தீட்சா நாமம். மத்தவங்க மெதுவா நழுவ விட்டாங்க. அம்மா கோழிக்கு அரிசி வீசுற மாதிரி வீசினாங்க, பூ லிங்கத்தையும் தாண்டி குருவோட பாய்ல விழுந்துடுச்சு. அவரு சிரிச்சுட்டு "இன்னொண்ணு குடுங்க"ன்னார். இந்தத் தடவை அம்மா விரல் நடுங்குச்சு, பால் கறை நிரந்தரமா ஏறிப்போன கருத்த விரல், நகத்தோரம் இன்னும் வெடிப்பு. பூ விழுந்துச்சு. கட்டை அவுத்தாங்க, குரு தலையில கை வச்சார், காதுல என்னமோ சொன்னார், அவ்ளோதான், எனக்குத் தெரிஞ்சு ஒளியும் இல்ல ஒண்ணும் இல்ல.

வெளிய வந்ததும் என்ன நாமம்மா, என்ன சொன்னார்னு கேட்டேன். நாமத்தை சொன்னாங்க. காதுல சொன்னதை சொல்லல. மந்திரம் என்னன்னு ஊருக்கே தெரியும்மான்னேன். "தெரிஞ்சா தெரியட்டும், எனக்கு அவரு சொன்னது எனக்கு."

பஸ் ஸ்டாப் கடையில நாசி லெமாக் வாங்கினோம். அம்மா பொட்டலத்தைப் பிரிச்சு நெத்திலியை ஒண்ணொண்ணா பொறுக்கி என் இலையில போட்டாங்க, சம்பலையும் தள்ளி வச்சாங்க, அதுல பெலாச்சான், இறால் விழுது, இருக்குமே. அப்புறம் வெள்ளரிக்காயும் வெறும் சோறும். அம்மாவுக்கு நெத்திலின்னா உயிரு.

அன்னைக்கு ராத்திரி அங்கதான் தங்கினேன். விடியக்காலையில சொம்பு சத்தம் கேட்டு முழிச்சேன், மணி நாலு. வெட்டு வேலைக்குப் போய், பெரட்டுன்னு தோட்டத்துல ஆளுங்களை நிறுத்தி பேரு கூப்பிடுவாங்களே, அதுக்கு நின்ன காலத்துல இருந்து அந்த நேரத்துக்கு எந்திரிச்சே பழகின உடம்பு, வேலையை விட்டு இத்தனை வருசம் ஆகியும் நாலு மணிக்கு முழிச்சுக்கிட்டு சும்மா கூரையைப் பார்த்துக்கிட்டு படுத்திருப்பாங்க. இப்ப குளிச்சு முடிச்சு விளக்கு முன்னாடி உக்காந்து விரல்ல எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

"அஞ்சு மணிக்கு செஞ்சா ஆகாதாம்மா?"

திரும்பாமலே சொன்னாங்க, "பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப ஆளு இருக்கணும்ல. போய் படு, ஏழு மணிக்கு கோப்பி போடுறேன்."