22 துண்டா, 20 துண்டா? எங்கள் சாண்ட்விச் கடைக்கு பில்லிங் மெஷின் வந்த கதை

கோவை பீளமேட்டில், கல்லூரிகள் இருக்கும் பக்கம் ஒரு சின்ன சாண்ட்விச் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கிரில்லர், நின்று சாப்பிட எட்டுப் பேருக்கு இடம், என்னையும் சேர்த்து மூன்று ஆள். நாலு வருஷம் கோடு போட்ட நோட்டிலேயே ஓட்டியாயிற்று. வருஷ விற்பனை 20 லட்சத்தைத் தாண்டியதும் ஜிஎஸ்டி எடுக்க வேண்டி வந்தது. "இனி அந்த நோட்டைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வராதீங்க" என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் பில்லிங் மெஷின் வாங்கினேன். வியாபாரத்தைப் பெருக்கும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை.

பழைய டேப்லெட் ஒன்று கையில் இருந்தது. சாஃப்ட்வேருக்கு வருஷச் சந்தா, இரண்டு தெர்மல் பிரிண்டர்: கவுன்டரில் ஒன்று, கிரில்லர் பக்கத்தில் ஒன்று. விற்க வந்த பையன் அரை மணி நேரத்தில் எல்லாம் தயார் என்றான். மெனு ஏற்றவே எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

முதல் நாளே சண்டை. போர்டில் 80 ரூபாய், பில்லில் 84. "அண்ணா, போர்டுல எண்பதுதானே போட்டிருக்கு?" என்று ஒரு மாணவி கேட்க, பின்னால் நின்ற வரிசையே எட்டிப் பார்த்தது. 'விலையில் வரி அடக்கம்' என்ற ஒரு கட்டத்தில் டிக் போடாமல் விட்டிருக்கிறேன். அதைச் சரிசெய்ததும் பில்லில் 80 ரூபாய் தானாகப் பிரிந்தது: சாண்ட்விச்சுக்கு 76.19, வரி 3.81. அதைப் பார்த்தபோது வயிற்றில் லேசாகப் புளியைக் கரைத்தது. உணவகத்துக்கு 5 சதவீதம்தான், ஆனால் நாம் சீஸுக்கும் பிரிண்டருக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு சாண்ட்விச்சிலும் அந்த 3.81 என் பையிலிருந்துதான் போகப்போகிறது. விலை வைக்கும்போது இதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்தது மொழி. கிரில்லரில் நிற்கும் அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. சரி, ஐட்டம் பெயரைத் தமிழில் ஏற்றினேன். என்ன செய்ய வேண்டும் என்று கிரில்லர் பக்கத்து பிரிண்டரில் வரும் டோக்கனில் வரிசையாகக் கேள்விக்குறி விழுந்தது. பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது, எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் அச்சாகும் என்பது நாலு போன் போட்ட பிறகு தெரிந்தது. அதற்கும் ஒரு செட்டிங் இருந்தது. அச்சாக இரண்டு விநாடி கூடுதலாகும், போகட்டும். அப்புறம் டோக்கன்கள் கறுக்க ஆரம்பித்தன. தெர்மல் பேப்பரில் மை கிடையாது, சூடு பட்டால் கறுப்பதுதான் அதன் அச்சே. அதைக் கொண்டுபோய் கிரில்லர் ஓரத்தில் வைத்தவன் நான்! இரண்டடி தள்ளி, அலமாரி மேல் ஏற்றி வைத்தோம்.

ஆனால் இந்த மெஷினால் கிடைத்த உண்மையான லாபம் பில்லில் இல்லை, ஸ்டாக்கில் இருந்தது. ஒவ்வொரு சாண்ட்விச்சுக்கும் என்னென்ன எத்தனை கிராம் என்று ஏற்றிவிட்டால், பில் போடப் போட இருப்பிலிருந்து அதுவாகவே கழித்துக்கொள்ளும். ஒரு பாக்கெட் பிரட்டில் 22 துண்டு என்று எண்ணிப் பார்த்து ஏற்றினேன். தினம் எட்டு பாக்கெட் ஓடும். தினமும் ராத்திரி 16 துண்டு குறைந்தது. அதாவது எட்டு சாண்ட்விச். ஐந்தாம் நாள் காலை ஷிஃப்ட் பையனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மாதிரியாக விசாரித்தேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. அக்காதான் குப்பைக் கூடையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"ஏன் தம்பி, முனைத் துண்டுல சாண்ட்விச் போட்டா வாங்குவாங்களா?"

பாக்கெட்டுக்கு இரண்டு முனை, எட்டு பாக்கெட்டுக்கு 16. நாலு வருஷமாக என் கண் முன்னாலேயே தெருநாய்க்குப் போய்க்கொண்டிருந்த துண்டுகள். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான், ஆனாலும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சீஸ் கதை இதைவிடப் பெரிது. ஒரு சாண்ட்விச்சுக்கு 30 கிராம் என்று ஏற்றியிருந்தேன், அது என் மனக்கணக்கு. அக்காவின் கைப்பிடியைத் தராசில் வைத்தால் 45, 48, கூட்ட நேரத்தில் 52. நான் வாங்கும் சீஸ் கிலோ 480 ரூபாய். ஒன்றுக்கு ஒன்பது ரூபாய் போல நழுவுகிறது. தினம் 30 சீஸ் சாண்ட்விச் என்றால் மாதம் 8,000 ரூபாய். எங்கள் கடையில் அதிகம் விற்பதும் அதுதான், ரொம்பக் குறைவாக மிஞ்சுவதும் அதுதான். அளவுக் கப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "அளந்து போட்டா ருசி வருமா?" என்றார் அக்கா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, 30 கிராமில் செய்து தின்று பார்த்தேன், வறட்டென்று இருந்தது. கடைசியில் 40 கிராம், விலையில் ஐந்து ரூபாய் ஏற்றம் என்று முடிவானது. யாரும் முணுமுணுக்கவில்லை.

மணிவாரி ரிப்போர்ட்டும் என் மூக்கை உடைத்தது. மதியம்தான் கூட்டம் என்று நம்பி அப்போது கூடுதல் ஆள் வைத்திருந்தேன். விற்பனையில் பாதி மாலை நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில். ஒன்பது மணிக்கு மேல் சராசரி மூன்று பில். இப்போது ஒன்பதரைக்கே ஷட்டர் இறங்கிவிடுகிறது.

யுபிஐ பற்றி ஒரு வார்த்தை. முன்பு சுவரில் ஒட்டிய க்யூஆரில் அவரவரே தொகையை அடித்துவிட்டு, "போயிடுச்சுங்ண்ணா" என்று போனைக் காட்டுவார்கள். கூட்டத்தில் அது 80-ஆ 8-ஆ என்று யார் பார்த்தது? இப்போது பில் தொகையோடு சேர்ந்தே க்யூஆர் திரையில் வருகிறது. ராத்திரி கணக்கு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது கால் மணியாகிவிட்டது. நெட் போனால் மட்டும் பழைய சுவர்தான்.

முனைத் துண்டுகளை இப்போது காயவைத்துத் தூளாக்கி, கட்லெட்டுக்குப் புரட்டுகிறோம். கழிவாகப் போன பொருளைத் திரும்ப எப்படி ஸ்டாக்கில் ஏற்றுவது என்று சாஃப்ட்வேர்காரர்களிடம் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. அதுவரை அந்தக் கணக்கு மட்டும் கோடு போட்ட நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆடிட்டரிடம் சொல்லவில்லை.