ஒட்டுசுட்டானில் ஒரு குஸ்மானியா: 16 மாதக் கணக்கு

2023 ஆடியில் கண்டிப் பக்கம் போய் வந்தபோது, வழியில் ஒரு பூங்கன்றுக் கடையில் குஸ்மானியா என்ற பூச்செடி ஒன்று வாங்கினேன். நடுவில் குங்குமச் சிவப்பில் பூக்கதிர். பார்த்த பிறகு விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்து எங்கள் ஊரான ஒட்டுசுட்டானில் அப்போது மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று உச்சத்தில் இருந்தது. நான்கே நாளில் இலை நுனிகள் கருகின.

அம்மம்மா வந்து பார்த்துவிட்டு, “அன்னாசிக் கன்றையோ காசு குடுத்து வாங்கினனி?” என்று கேட்டார். அவர் கண்ணுக்குப் பட்டது சரிதான், இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் நானும் அன்னாசியை வளர்ப்பது போலவே வளர்க்கப் போனதுதான் பிழை. செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து பெரிய பூச்சாடியில் நட்டு, அடியில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் கிழமை கீழ் இலையைத் தொட்டதும் கையோடு வந்தது. அழுகல் நாற்றம்.

குஸ்மானியா மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் பெரும்பாலும் மரக்கிளைகளில் தொற்றி வாழும் செடி. ஒட்டுண்ணி இல்லை, மரத்திடம் அது எடுப்பது இடம் மட்டும்தான். வேரின் முக்கிய வேலை பிடித்துக்கொள்வது. இலைகளின் அடிகள் ஒன்றையொன்று கவ்வி நடுவில் கிண்ணம் போல நிற்கும். அதில் தேங்கும் மழையையும், விழுந்து மக்கும் சருகின் சத்தையும் இலையிலுள்ள நுண்ணிய செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற எங்கள் ஆட்களுக்குச் சொல்வதென்றால், இந்தச் செடி தன் குளத்தைத் தானே சுமக்கிறது.

சரி, அடித்தண்டின் நடுப்பகுதி இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. அழுகிய வேரை வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர விட்டு, பொச்சுமட்டைத் துண்டு, கரி, உடைந்த ஓட்டுத் துண்டு நிரப்பிய சின்னச் சாடியில் நிறுத்தினேன். இடம் கிணற்றடி மாமரத்தின் கீழ். அங்கே நிலம் எப்போதும் ஈரமாக இருக்கும். காலை வெயில் மட்டும் படும். மேற்கே காற்றுக்கு ஒரு கிடுகு மறைப்பு. இந்த மறைப்புத்தான் செடியைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்த தொல்லை தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் படிய விடும் அதே வெள்ளைப் படலம் இலையிலும் படிந்தது. அது செதில்களை அடைத்துவிடும். மாரி வரும்வரை கொதித்து ஆறித் தெளிந்த தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டேன். ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஓட்டுக்கூரைத் தண்ணீரை இரண்டு பரல்களில் பிடித்து இறுக மூடி வைத்தேன். அதன் பிறகு வந்த புது இலைகளின் பளபளப்பே வேறு.

மழையோடு நுளம்பும் வந்தது. ஒரு காலை கிண்ணத்துக்குள் குடம்பிகள் நெளிந்தன. டெங்கு பரவுகிற ஊரில் இதை விளையாட்டாக விட முடியாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை சாடியைச் சாய்த்துத் தண்ணீரைக் காய்ந்த நிலத்தில் கொட்டி, புதிதாக நிரப்புகிறேன். இதைச் செய்ய நேரமில்லாதவர்கள் இந்தச் செடியை வாங்கவே வேண்டாம். எண்ணெய் விடுவது தீர்வல்ல, இலை பழுதாகும். மாட்டெருக் கரைசலை ஒருதரம் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தேன், பாசிதான் பிடித்தது. இப்போது கால்வாசி வலுவுக்குக் கரைத்த உரம், மாதம் ஒருமுறை, இலைமேல் தெளிப்பதோடு சரி.

கார்த்திகையில் பூக்கதிர் வாடியது. குஸ்மானியா ஒருமுறைதான் பூக்கும், அப்புறம் தாய்ச்செடி மெல்ல மெல்ல ஒடுங்கும். 2024 தையில் இரண்டு பக்கக்கன்றுகள் எட்டிப் பார்த்தன. தாயின் பாதி உயரம் வரும்வரை பொறுத்திருந்து ஆனியில் பிரித்தேன். புரட்டாதியில் தாய் முழுதாகக் காய்ந்தது.

ஒரு கன்று சாடியில். மற்றதைப் பாலை மரக் கட்டையில் தங்கூசி என்கிற நைலோன் இழையால் கட்டினேன். செப்புக் கம்பி இந்தக் குடும்பத்துக்கு நஞ்சு. கட்டையில் இருப்பது சீக்கிரம் காய்கிறது, ஆவணி முழுக்கக் காலையும் மாலையும் தெளிக்க வேண்டியிருந்தது. ஆனால் இப்போது கார்த்திகை மழையில் அதன் வேர் கட்டையைப் பற்றிவிட்டது, தங்கூசி தளர்ந்து தொங்குகிறது.

சாடிக் கன்றுக்கு இன்று 11 இலை. நன்றாக முற்றிய பிறகும் பூக்காவிட்டால், கிண்ணத்தை வடித்துவிட்டு, கனிந்த அப்பிள் ஒன்றோடு ஒரு கிழமை பொலித்தீன் பைக்குள் நிழலில் மூடி வைக்கப் போகிறேன். பழம் விடும் எதிலீன் வாயு பூவைத் தூண்டும். அதற்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்கிறது.